அத்தியாயம் 9: ஃபில்டரும் சைலென்சரும் மாறிய பிறகு கார்புரேட்டரைச் சரிப்படுத்துவது

புது சைலென்சர் போட்டதும் சத்தம் கூடும். சத்தம் கூடினால் வண்டி வேகமாகப் போவது போலவே தோன்றும். ஒரு வாரம் ஓட்டினால்தான் உண்மை தெரியவரும். பாதி ஆக்சிலேட்டரில் வண்டி இழுக்காமல் திணறும். ஆக்சிலேட்டரை விட்டதும் சைலென்சருக்குள் ‘பட் பட்’டென்று வெடிக்கும். சிக்னலில் நின்றால் ஐடிலிங் இறங்க மறுக்கும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால், மெக்கானிக் கார்புரேட்டரின் பக்கவாட்டில் உள்ள இரண்டு திருகுகளைக் கொஞ்சம் திருப்புவார், இரண்டு தடவை ரேஸ் பண்ணுவார், “ட்யூனிங் பண்ணியாச்சு சார்” என்று அனுப்பிவிடுவார்.

அந்த இரண்டு திருகுகளின் ஆட்சி ஆக்சிலேட்டரின் முதல் கால் பங்கோடு முடிந்துவிடுகிறது. ஃபில்டரும் சைலென்சரும் மாறியதால் வரும் கோளாறோ பெரும்பாலும் மீதி முக்கால் பங்கில் இருக்கிறது. மெயின் ஜெட்டையும் நீடிலையும் தொடாமல் அது தீராது. அவற்றை எந்த வரிசையில் தொடுவது, எதைப் பார்த்து முடிவெடுப்பது என்பதே இந்த அத்தியாயம்.

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபோது நம் ஊர் பைக்குகளில் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. எனவே இங்கே சொல்வது அதற்கு முந்தைய வண்டிகளுக்கு: கிளாசிக் 350, தண்டர்பேர்டு, பழைய பல்சர், ஸ்ப்ளெண்டர் போன்ற ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள். ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக்குக்கும் வரிசை இதுதான். ஆனால் அங்கே பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் சீஸ் ஆகும் அபாயம் பல மடங்கு.

காற்று மாறினால் பெட்ரோல் ஏன் மாற வேண்டும்?

கார்புரேட்டர் பெட்ரோலைப் பம்ப் செய்வதில்லை. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்று கார்புரேட்டரின் குறுகிய கழுத்து வழியாக விரைகிறது. அங்கே அழுத்தம் குறைய, பவுலில் இருக்கும் பெட்ரோல் ஜெட் வழியாக உறிஞ்சப்பட்டு மேலே வருகிறது. எவ்வளவு உறிஞ்சல், எவ்வளவு பெரிய துளை என்ற இரண்டும்தான் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கின்றன.

கம்பெனியில் வைத்த ஏர் பாக்ஸும் பேப்பர் ஃபில்டரும் காற்றைக் கொஞ்சம் தடுத்து, கார்புரேட்டருக்குப் பின்னால் எப்போதும் ஒரு சிறு உறிஞ்சலை வைத்திருக்கும். அந்தத் தடையையும் கணக்கில் சேர்த்துத்தான் ஜெட்டின் அளவைத் தேர்ந்திருப்பார்கள். தடை குறைந்த ஃபில்டர் போட்டால் காற்று தாராளமாக வரும், ஜெட்டின் மேல் இருந்த உறிஞ்சல் குறையும். தடை குறைந்த சைலென்சர் போட்டால் எரிந்த புகை சுலபமாக வெளியேறி, அந்த இடத்தில் புதுக் காற்று கூடுதலாக நிறையும். இரண்டுமே ஒரே பக்கம் தள்ளுகின்றன: காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. இதைத்தான் ‘லீன்’ என்கிறோம். பெட்ரோல் அதிகமானால் ‘ரிச்’.

சுத்தமான பெட்ரோல் முழுதாக எரிய, எடையில் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். முழு இழுவை கிடைப்பது இன்னும் கொஞ்சம் ரிச்சாக, 12.5 முதல் 13 வரையிலான விகிதத்தில். புகை விதிகளுக்காகக் கம்பெனிகள் ஏற்கெனவே லீன் பக்கமாகத்தான் அமைத்திருப்பார்கள். இப்போது பங்க்கில் கிடைக்கும் இ20 பெட்ரோல் இதை இன்னும் கூட்டுகிறது. எத்தனால் எரிய 9 பங்கு காற்றே போதும் என்பதால், 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தேவையான விகிதம் ஏறக்குறைய 13.5 ஆக இறங்கிவிடுகிறது. பழைய ஜெட்டோடு இ20 போட்டாலே வண்டி ஒரு படி லீனாகத்தான் ஓடும். அதன்மேல் ஃபில்டரும் சைலென்சரும் மாறினால் எக்ஸாஸ்ட் வால்வும் பிஸ்டன் தலையும் அளவுக்கு மீறிச் சூடாகும். நீண்ட நேரம் முழு ஆக்சிலேட்டரில் ஓட்டினால் பிஸ்டன் உருகும்வரை போகலாம்.

எது, எப்போது வேலை செய்கிறது?

ஆக்சிலேட்டர் பிடியில் ஒரு கோடும், அதன் பக்கத்து ஹவுசிங்கில் மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுவது என ஐந்து கோடுகளும் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளை டேப்பும் பேனாவும் போதும். ‘எந்த வேகத்தில் கோளாறு’ என்று கேட்பதால் பயனில்லை, ‘எந்தக் கோட்டில் கோளாறு’ என்றுதான் கேட்க வேண்டும்.

• மூடிய நிலை முதல் கால் வரை: பைலட் ஜெட் (நம் மெக்கானிக்குகள் வாயில் ‘ஸ்லோ ஜெட்’), மிக்சர் ஸ்க்ரூ.
• கால் முதல் முக்கால் வரை: நீடிலின் உயரம், அதன் சரிவு, அது இறங்கும் நீடில் ஜெட்.
• முக்கால் முதல் முழுவது வரை: மெயின் ஜெட்.

இந்த எல்லைகள் ஒன்றோடொன்று கொஞ்சம் கலந்திருக்கும். மெயின் ஜெட்டை மாற்றினால் நீடில் பகுதியிலும் சற்று வேறுபாடு தெரியும். அதனால்தான் மேலிருந்து கீழே வருகிறோம்: முதலில் மெயின் ஜெட், அடுத்து நீடில், கடைசியில் பைலட்.

கார்புரேட்டரில் இரண்டு வகை உண்டு. பழைய ஸ்ப்ளெண்டரிலும் ஆர்எக்ஸ் 100-லும் ஆக்சிலேட்டர் கேபிள் நேராக ஸ்லைடைத் தூக்கும். கிளாசிக் 350, பல்சர் 150 போன்றவற்றில் கேபிள் ஒரு தட்டை மட்டும் திறக்கும், ஸ்லைடை ரப்பர் டயாஃபிரம் வழியாக இன்ஜின் உறிஞ்சலே தூக்கிக்கொள்ளும். இது சி.வி. வகை. நம் வண்டிகளில் இருக்கும் சி.வி. கார்புரேட்டர்களில் பல, சென்னையை அடுத்த மறைமலை நகரில் ஆலை வைத்திருக்கும் யூகால் நிறுவனம் ஜப்பானின் மிகுனியோடு சேர்ந்து தயாரித்தவை. சி.வி. வகையில் ஏர் பாக்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு நேராகக் கூம்பு ஃபில்டர் மாட்டுவது வம்பை விலைக்கு வாங்குவது. ஸ்லைடு தூக்குவதற்கு வேண்டிய அழுத்த வித்தியாசம் அதில் நிலையாக இருக்காது. எதிர்க்காற்று அடித்தாலே இழுவை மாறும். இந்த வகையில் ஏர் பாக்ஸை வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் ஃபில்டரை மட்டும் மாற்றுவதே புத்திசாலித்தனம்.

கார்புரேட்டரைத் தொடும் முன்

கோளாறு வேறெங்கோ இருக்க, ஜெட்டை மாற்றிக்கொண்டே போவதில் பணமும் பெட்ரோலும் வீணாகும். முதலில் இவற்றைப் பாருங்கள்.

1. டேப்பட் கேப் சரியாக இருக்கிறதா? டேப்பட் இறுகிப்போன வண்டியை எந்த ஜெட்டாலும் திருத்த முடியாது.
2. கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் மேனிஃபோல்டில் வெடிப்பு உண்டா? வண்டி ஐடிலிங்கில் ஓடும்போது, சூடான பெண்டு பைப்பில் படாமல், அந்த ரப்பரைச் சுற்றி டபிள்யூடி-40 கொஞ்சம் அடியுங்கள். ஐடிலிங் மாறினால் அங்கே ஏர் எடுக்கிறது.
3. பெண்டு பைப் சிலிண்டர் ஹெட்டில் சேரும் இடத்தில் புது கேஸ்கட் போட்டீர்களா? சைலென்சர் மாற்றும்போது பழைய கேஸ்கட்டையே திரும்பப் போடுவது நம் ஊர் வழக்கம். அங்கே கசிவு இருந்தால் கார்புரேட்டர் சரியாக இருந்தாலும் ‘பட் பட்’ நிற்காது.
4. கார்புரேட்டர் சுத்தமாக இருக்கிறதா? ஜெட்டுகள் மெல்லிய பித்தளை. கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கார்ப் கிளீனர் அடித்து, காற்று ஊதினால் போதும்.
5. சி.வி. வகையானால் டயாஃபிரத்தை வெளிச்சத்தில் பிடித்து, மெல்ல இழுத்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் ஸ்லைடு முழுதாக ஏறாது. அதன் பிறகு மெயின் ஜெட்டை மாற்றிப் பயனில்லை.

கைவசம் வேண்டியவை

திருகின் தலையில் ஆடாமல் உட்காரும் ஸ்க்ரூடிரைவர்கள் முதல் தேவை. ஜப்பானிய வடிவமைப்புக் கார்புரேட்டரின் திருகுகள் ஜே.ஐ.எஸ். அளவு. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போட்டு அழுத்தினால் தலை வழுக்கித் தேய்ந்துவிடும். அடுத்து, கம்பெனி மெயின் ஜெட்டுக்கு மேலே நான்கைந்து அளவுகளில் ஜெட்டுகள், பைலட் ஜெட்டில் ஒரு படி கூடியது ஒன்று, அரை மில்லிமீட்டர் கனமுள்ள சிறு வாஷர்கள் இரண்டு, புது பிளக் ஒரு ஜோடி, ஒரு நோட்டுப் புத்தகம்.

ஜெட்டின் தலையில் இருக்கும் எண் பெரிதானால் துளை பெரிது, பெட்ரோல் அதிகம். எண்கள் பெரும்பாலும் 2.5 வீதம் கூடும்: 100, 102.5, 105 என்று. ஆனால் ஒரு கம்பெனியின் 105-உம் இன்னொரு கம்பெனியின் 105-உம் ஒரே அளவு பெட்ரோலை விடும் என்று நினைக்காதீர்கள். கீஹின் துளையின் விட்டத்தை வைத்து எண் போடுகிறது. மிகுனியின் அறுகோணத் தலை ஜெட்டில் அந்த எண் பெட்ரோல் பாயும் அளவைக் குறிக்கிறது. எல்லா ஜெட்டுகளையும் ஒரே கம்பெனியில் வாங்குங்கள். கடையில் ‘டிரில் போட்டுத் தரேன்’ என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

பவுலைக் கழற்றும் முன் பெட்ரோல் டேப்பை மூடி, பவுலில் இருப்பதை ஒரு டப்பாவில் வடித்துவிடுங்கள். வேலையை வெளியே, இன்ஜின் ஆறிய பிறகு செய்யுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

முதல் கட்டம்: மெயின் ஜெட்

சைலென்சர் மட்டும் மாறியிருந்தால் ஒரு படி, ஃபில்டரும் சேர்ந்து மாறியிருந்தால் இரண்டு அல்லது மூன்று படி பெரிய ஜெட் வேண்டியிருக்கும் என்பது வழக்கமான கணக்கு. ஆனால் சோதனையை அதற்கும் ஒரு படி மேலே தொடங்குங்கள். ரிச்சிலிருந்து கீழே இறங்கி வந்தால் பிளக் கறுக்கும், அவ்வளவுதான். லீனிலிருந்து மேலே ஏறி வந்தால் பிஸ்டனைப் பணயம் வைக்கிறீர்கள்.

வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். நெரிசல் இல்லாத, ஏற்றமான நேர்ச்சாலையில் மூன்றாம் கியரில் முழு ஆக்சிலேட்டர் கொடுங்கள். ஏற்றம் என்றால் வேகம் அளவுக்கு மீறாமலே இன்ஜினுக்குச் சுமை கிடைக்கும். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ டிராக் நாள் கிடைத்தால் அதைவிட நல்லது.

ஜெட் மிகப் பெரியதானால் இன்ஜின் அடைத்துக்கொண்டது போல ‘புர்ர்’ரென்று மழுங்கி ஓடும். ஒரு படி குறையுங்கள், மறுபடி ஓட்டுங்கள். மழுங்கல் நின்று இழுவை தெளிவாகும் இடம் வரும். அங்கே முழு ஆக்சிலேட்டரில் ஓடும்போதே பிடியை ஒரு நூல் அளவு பின்னால் விடுங்கள். அந்தக் கணத்தில் வண்டி சற்றே வேகம் எடுத்தால் ஜெட் சிறியது, ஒரு படி ஏற்றுங்கள். வேகம் எடுக்காமல் மெல்லத் தணிந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். சந்தேகம் இருந்தால் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். இழுவை கூடினால் லீன், உடனே திணறினால் லீன் இல்லை.

இரண்டு ஜெட்டுகளுக்கு நடுவே முடிவு செய்ய முடியாவிட்டால் பெரியதைப் போடுங்கள்.

இரண்டாம் கட்டம்: நீடில்

ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் நாம் பெரும்பாலும் ஓட்டுவது கால் முதல் அரை ஆக்சிலேட்டரில். மைலேஜும் சுகமும் இங்கேதான். நீடிலின் தலையில் காடிகள் இருக்கும், ஒன்றில் சிறு கிளிப் மாட்டியிருக்கும். கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் நீடில் மேலே ஏறும், வழி அகலும், ரிச். கிளிப்பை மேலே ஏற்றினால் லீன். பலருக்கும் இது தலைகீழாக நினைவில் நிற்கும், நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பல சி.வி. கார்புரேட்டர்களில் நீடிலுக்கு ஒரே காடிதான். அங்கே அரை மில்லிமீட்டர் வாஷர் ஒன்றைக் கிளிப்புக்கு அடியில் நுழைத்தால் நீடில் அந்த அளவு உயரும். மூடியைத் திரும்ப மாட்டும்போது டயாஃபிரத்தின் விளிம்பு அதன் காடியில் முழுதாக உட்கார வேண்டும். சிறு மடிப்பு விழுந்தாலும் வண்டி இழுக்காது. பிறகு ஸ்லைடை விரலால் தூக்கி விடுங்கள். தடங்கல் இல்லாமல், தானாக மெல்ல இறங்க வேண்டும்.

சோதிக்க, நான்காம் கியரில் நிதானமான வேகத்தில் போய்க்கொண்டே கால் கோட்டிலிருந்து அரைக்கோட்டுக்கு மெல்லத் திறங்கள். ஒரு கணம் வெறுமையாகி, பிறகு இழுத்தால் லீன்: நீடிலைத் தூக்குங்கள். நிலையான ஆக்சிலேட்டரில் வண்டி முன்னும் பின்னும் இழுப்பது போல அசைந்தாலும் அதே மருந்து. சோம்பலாக, கனத்த சத்தத்தோடு போனால், சூடேறச் சூடேற அது மோசமானால், ரிச்: இறக்குங்கள். நிறைய கிலோமீட்டர் ஓடிய வண்டியில் நீடில் ஜெட்டின் துளை தேய்ந்து முட்டை வடிவமாகியிருக்கும். எப்படி வைத்தாலும் நடுப்பகுதி ரிச்சாகவே இருந்தால் நீடிலையும் நீடில் ஜெட்டையும் ஜோடியாக மாற்றுங்கள்.

மூன்றாம் கட்டம்: பைலட்டும் மிக்சர் ஸ்க்ரூவும்

மிக்சர் ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். இன்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது, வெளியே திருப்பினால் ரிச். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது, வெளியே திருப்பினால் லீன். இதைப் பார்க்காமல் திருப்புபவர்தான் அதிகம்.

இன்ஜின் நன்றாகச் சூடாக இருக்கும்போது தொடங்குங்கள்.

1. ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருப்பி, உட்கார்ந்ததும் நிறுத்துங்கள். இறுக்கினால் அதன் கூர்முனை கார்புரேட்டரின் துளையைக் கெடுத்துவிடும்.
2. ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, வண்டியை ஸ்டார்ட் செய்து, ஐடிலிங் ஸ்க்ரூவால் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி வையுங்கள்.
3. மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்புங்கள். ஒவ்வொரு தடவையும் சில நொடி காத்திருந்து கேளுங்கள். இன்ஜின் வேகம் உச்சத்துக்கு வரும் இடமே சரியான இடம்.
4. ஐடிலிங்கைக் குறைத்து, மூன்றாம் படியை இன்னொரு முறை செய்யுங்கள்.

உச்சம் ஒரு சுற்றுக்கும் மூன்று சுற்றுக்கும் நடுவே கிடைத்தால் பைலட் ஜெட் சரி. பெட்ரோல் ஸ்க்ரூவில் மூன்று சுற்றைத் தாண்டினால் பைலட் ஜெட் சிறியது, ஒரு சுற்றுக்குள் முடிந்தால் பெரியது. ஏர் ஸ்க்ரூவில் இதற்கு நேர் எதிர்.

ஒரு நல்ல வழி உண்டு. பி.யு.சி. மையத்தில் புகைச் சோதனை செய்யும்போது சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டு வராமல், சி.ஓ. எண் என்ன என்று பாருங்கள். ஐடிலிங்கில் 2, 3 சதவீதத்தை ஒட்டி இருந்தால் பைலட் நல்ல நிலையில் இருக்கிறது. ஒரு சதவீதத்துக்கும் கீழே போய், ஐடிலிங்கும் நடுங்கினால் லீன். சைலென்சர் கசிவு இருந்தால் வெளிக்காற்று கலந்து எண் பொய் சொல்லும் என்பதை மறக்க வேண்டாம்.

பிளக் என்ன சொல்கிறது?

பிளக் ‘காப்பிப்பொடி நிறத்தில்’ இருக்க வேண்டும் என்பது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துப் பாடம். ஈயப் பெட்ரோல் நம் நாட்டில் 2000-லேயே போய்விட்டது. இன்றைய பெட்ரோலில் நன்றாக ஓடும் பிளக்கின் பீங்கான் முனை வெளிறியேதான் இருக்கும், அதைப் பார்த்து லீன் என்று பதற வேண்டாம். பார்க்க வேண்டியது பீங்கானின் அடி, அதாவது அது உலோகத்துக்குள் இறங்கும் ஆழமான இடம். டார்ச்சும் லென்ஸும் வேண்டும். புது பிளக் போட்டு, முழு ஆக்சிலேட்டரில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து அதே நொடியில் கில் சுவிட்சை அணைத்து, ஓரமாக நிறுத்திக் கழற்றுங்கள். ஐடிலிங்கில் வீடு வரை வந்தால் அந்தப் பிளக் ஐடிலிங்கின் கதையைத்தான் சொல்லும். அடியில் மெல்லிய கரிய வளையம் இருந்தால் மெயின் ஜெட் சரி. வளையமே இல்லாமல், முனையில் பளபளக்கும் சிறு புள்ளிகள் தெரிந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு ஜெட்டை ஏற்றுங்கள். முழுதும் கரி படிந்திருந்தால் ரிச்.

ஏமாற்றும் அறிகுறிகள்

ஆக்சிலேட்டரை விட்டதும் வரும் வெடிச் சத்தத்தை எல்லோரும் லீன் என்பார்கள். மேலே சொன்ன கேஸ்கட் கசிவும் அதைத் தரும். புகையைக் குறைக்க எக்ஸாஸ்டுக்குள் காற்று விடும் அமைப்பு சில வண்டிகளில் உண்டு. அதன் சத்தம் பழைய சைலென்சரில் அடங்கியிருந்திருக்கும், புதியதில் வெளியே கேட்கும். இந்தச் சத்தத்தை அடக்குவதற்காக மட்டும் ஜெட்டைப் பெரிதாக்கினால் மைலேஜ் போகும், சத்தம் போகாது.

பெண்டு பைப் நீலமாக மாறுவதும் அப்படித்தான். ஒற்றைச் சுவர் கொண்ட மெல்லிய புது பைப் சரியான வண்டியிலும் கொஞ்சம் நீலம் பூசிக்கொள்ளும்.

ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் சமவெளியில் சரியாக இருக்கும் வண்டி அங்கே ரிச்சாகி, மந்தமாக ஓடும். இரண்டு நாள் சுற்றிப்பார்க்கப் போனவர் அதற்காக ஜெட்டை மாற்ற வேண்டியதில்லை. ஊட்டியிலேயே இருப்பவர் அங்கே சரிப்படுத்திய வண்டியோடு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினால் மட்டும் எச்சரிக்கை தேவை. கீழே வந்ததும் அதே வண்டி லீன்.

சட்டம்

கம்பெனி அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்குள் வருகிறது. 2019 திருத்தத்தின்படி, விதிக்கு மாறாக வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. ஒலி, புகை வரம்பை மீறி ஓட்டினால் 190(2) பிரிவில் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பு. பேஃபிள் இல்லாத சைலென்சரை எவ்வளவு அருமையாக ட்யூன் செய்தாலும் சாலையில் அது குற்றம்தான்.

நோட்டில் எழுதுங்கள்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தேதி, ஜெட் எண், கிளிப் காடி, ஸ்க்ரூ எத்தனைச் சுற்று, எந்தக் கோட்டில் என்ன நடந்தது என்று அப்போதே எழுதுங்கள். கம்பெனி ஜெட்டுகளைத் தூக்கிப் போடாமல், ஒரு சிறு பொட்டலமாகக் கட்டிப் பெயர் எழுதி வையுங்கள். பழைய சைலென்சரைத் திரும்ப மாட்டும் நாளில் பழைய ஜெட்டும் திரும்பப் போக வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் டேங்க்கை நிரப்பி மைலேஜ் பாருங்கள். முன்பிருந்ததைவிடக் கொஞ்சம் குறைந்திருந்தால் அது நீங்கள் கேட்டு வாங்கிய இழுவையின் விலை. கணிசமாகக் குறைந்திருந்தால் நீடிலை ஒரு காடி இறக்கிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால், வண்டிக்குக் கம்பெனி போட்ட ஃபில்டரும் சைலென்சருமே ஏற்றவை என்று ஒப்புக்கொண்டு திரும்ப மாட்டிவிடுங்கள்.